பங்கு வைத்த ஊசி

தோசை சுட்டால் இரண்டு பிள்ளைக்கும் ஒரே எண்ணிக்கை. தீபாவளிக்கு ஒரே துணியில் இரண்டு சுடிதார். ஐயனார் கோயிலில் கிடா வெட்டிப் பங்கு வந்தால் ஈரலைக்கூட நடுவில் அறுத்து ரெண்டு தட்டிலும் வைப்பாள் அமராவதி. மூத்தவள் சொர்ணவல்லிக்கு ஈரல் என்றாலே குமட்டும். அதனால் என்ன? வைத்தாயிற்று, நாலு பேர் பார்த்தாயிற்று. அதுதான் அவளுக்கு வேண்டியது.

ஏன் இப்படி என்று கேட்டால் ஊரே சொல்லும். இளையவள் இலக்கியாதான் அமராவதி பெற்ற பிள்ளை. சொர்ணவல்லி அவளுடைய அக்கா கலைமதியின் மகள். கலைமதி இழுப்பு நோய்க்காரி. ஒரு மார்கழியில் மூச்சு முட்டி, வல்லத்திராக்கோட்டையைத் தாண்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வேனுக்குள்ளேயே தங்கச்சி மடியில் அடங்கிப்போனாள். அக்காவின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாகிக்கொண்டு வந்ததை அமராவதி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். கருமாதி முடிந்ததும் கைப்பிள்ளையை யார் பார்ப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மச்சான் குழந்தைசாமிக்கே இவளைக் கட்டி வைத்தார்கள். உனக்குச் சம்மதமா என்று ஒரு சனம் கேட்கவில்லை.

அன்றைக்கு மரத்துப்போனவள்தான். அதற்குப் பிறகு நல்லதோ கெட்டதோ, எதுவும் அவளைப் பெரிதாகத் தொட்டதில்லை. குழந்தைசாமி மஸ்கட்டுக்கு லாரி ஓட்டப் போனபோது அழவில்லை. லீவில் வரும்போது சிரிக்கவும் இல்லை. எல்லாமே யார் வீட்டிலோ பாடுகிற ரேடியோ மாதிரி தள்ளித்தான் கேட்டது. ஒரே ஒரு பயம் மட்டும் உள்ளே உயிரோடு கிடந்தது. ஓரவஞ்சனைக்காரி என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஊர் அது. தகப்பனே அப்படியென்றால் சின்னம்மாக்காரிக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

இதில் கூத்து என்னவென்றால் இரண்டு பிள்ளைக்கும் வீசிங் வந்தது. மூத்தவளுக்குச் சின்னதிலிருந்தே உண்டு. இளையவளுக்கு நாலாவது படிக்கும்போது ஆரம்பித்தது. ஆண்டவனும் பங்கைச் சரியாகத்தான் போட்டான்.

உள்ளூர் டாக்டர், புதுக்கோட்டை டாக்டர் என்று சுற்றி ஓய்ந்து, போன வருஷம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கீரனூர் வழியாகப் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனாள். கோபிநாத் என்று ஒரு நுரையீரல் டாக்டர். பொறுமைசாலி. இரத்தம் எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள், கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்துக் குத்திப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் கழித்து வரச் சொல்லி மறுபடியும் ஒரு தடவை இரத்தம் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் பேசவே ஆரம்பித்தார்.

"ரெண்டு பேருக்கும் பேரு ஆஸ்துமாதாம்மா. ஆனா உள்ள நடக்குறது வேற வேற," என்றார். "ரெண்டு வீட்டுல கரண்டு போச்சுன்னு வைங்க. ஒரு வீட்டுல பியூஸ் போயிருக்கும். இன்னொரு வீட்டுல ஒயரே அறுந்திருக்கும். ரெண்டு வீட்டுக்கும் பியூஸ் கட்டுனா லைட் எரியுமா?"

"எரியாதுங்க."

"சின்னவங்க இரத்தத்துல ஈசினோபில்னு ஒரு அணு எக்கச்சக்கமா இருக்கு. அதுதான் மூச்சுக்குழாய வீங்க வைக்குது. அத மட்டும் பாத்து அடக்குறதுக்குப் புதுசா ஊசி வந்திருக்கு. மாசம் ஒண்ணு. விடாமப் போட்டா, அடிக்கடி விழுங்குற ஸ்டீராய்டு மாத்திரைய மெதுவாக் குறைச்சிரலாம்."

"பெரியவளுக்குங்க?"

"இவங்களுக்கு அந்த அணு சாதாரணமாத்தான் இருக்கு. அலர்ஜியும் இல்ல. இந்த ஊசி இவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. இவங்களுக்கு..." என்று தொடங்கி டாக்டர் வேறு ஏதேதோ சொன்னார். இழுக்கிற மருந்தை மாற்றுவதாகச் சொன்னார், வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மாத்திரை என்றார், மூச்சுப் பயிற்சி என்றார், புகை ஆகாது என்றார். அமராவதி தலையைத் தலையை ஆட்டினாள். காதில் ஒன்றும் ஏறவில்லை. இவளுக்கு ஊசி கிடையாது. அது மட்டும்தான் உள்ளே போய் உட்கார்ந்தது. சொர்ணவல்லி சுவரில் ஒட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சில ஊசிகளைத் திருச்சியிலேயே போட்டார்கள். பிறகு நர்ஸம்மா அமராவதிக்கே சொல்லிக்கொடுத்துவிட்டாள். பார்க்கப் பேனா மாதிரிதான் இருக்கும். பிரிட்ஜில் வைக்கணும், ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது. போடுவதற்கு முன்னாலே எடுத்து வெளியே வைத்துக் குளிர் போகவிடணும். தொடையில் வைத்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் பிடிக்கணும். இலக்கியா ஊசி என்றால் வீட்டைச் சுற்றி ஓடுகிறவள். அதனால் அமராவதி அவள் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியால் மெதுவாகத் தேய்த்து, அந்த இடம் மரத்துப்போன பிறகுதான் ஊசியை வைப்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த ஊசி வேலை செய்தது. ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பிள்ளை குப்புறப் படுத்துத் தூங்கினாள். பஸ் கிளம்பிவிட்டால் ஓடிப்போய் ஏறினாள். தைலமரக் காட்டில் மரம் வெட்டி லாரியில் ஏற்றும்போது கிளம்புகிற தூசியில்கூட ஒரு தும்மலோடு போனது. அமராவதி பார்த்தாள். நல்லதுதான் என்று நினைத்தாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சின்னப்பிள்ளைக்குத் தோன்றியது. சின்னப்பிள்ளை குழந்தைசாமியின் அக்கா, அடுத்த வீடு. வாய்க்கு வரி கட்டச் சொன்னால் வீட்டை விற்கணும், அப்படி ஒரு பொம்பளை. அடிபம்பில் குடம் வைத்துக்கொண்டே சிரித்தபடி கேட்டாள்.

"ஏத்தா அமராவதி, சின்னவளுக்குத் திருச்சி ஊசியாம்ல. பெரியவளுக்கு மட்டும் மாத்திரையாம்ல?"

"டாக்டர்தாண்ணி சொன்னாரு. அவளுக்கு அது சேராதாம்."

"சொல்லுவாக, சொல்லுவாக. நோய் ஒண்ணு, பேரு ஒண்ணு, மருந்து மட்டும் ரெண்டா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. நான் சொல்லலத்தா, ஊருல பேசிக்கிறாக. இவ ஆத்தாளும் இந்த இழுப்புலதான போனா."

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் குடத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அமராவதி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். குடம் தளும்பிப் பாதிப் புடவை நனைந்தது. வீட்டுக்கு வந்து மாற்றக்கூட இல்லை.

அடுத்த ஊசி வந்தபோது சொர்ணவல்லியைக் கூப்பிட்டாள். அவள் புதுக்கோட்டைக் காலேஜில் முதல் வருஷம். பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன். ஒனக்கும் போட்டுப் பாக்கலாம்னு சொல்லிட்டாரு. ஒரு மாசம் ஒனக்கு, ஒரு மாசம் அவளுக்கு."

பச்சைப் பொய். டாக்டருக்கு அவள் போன் போடவே இல்லை. சொர்ணவல்லி கொஞ்ச நேரம் சின்னம்மா முகத்தையே பார்த்தாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் காலையும் மடியில் தூக்கி வைத்து, ஐஸ் கட்டியால் தேய்த்துத்தான் அமராவதி ஊசியைப் போட்டாள். அதிலும் குறை வந்துவிடக் கூடாது பாருங்கள். இரண்டு பிள்ளைக்கும் ஒரே அளவு நேரம் தேய்த்தாள்.

மறுநாள் கேட்டாள், "எப்புடி இருக்கு?"

"நல்லாருக்கு சின்னம்மா. இழுப்பே இல்ல."

அமராவதி அன்றைக்கே அடிபம்புக்குப் போனாள். வீட்டில் தண்ணீர் இருந்தது, இருந்தாலும் போனாள். "ரெண்டு பேருக்குந்தாண்ணி போடுறேன்," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். சின்னப்பிள்ளை வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, "அதான பாத்தேன், ஒன்னையப் பத்தித் தெரியாதா," என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு அடங்கியது.

இப்படியே மாறி மாறி ஓடியது. சொர்ணவல்லி ஒவ்வொரு தடவையும் நல்லாருக்கு என்றுதான் சொன்னாள். வெளி ரூமில் காற்று வருகிறது என்று படுக்கையை அங்கிட்டு மாற்றிக்கொண்டாள். டாக்டர் என்னத்தைக் கண்டார், சேராது என்றாரே, பிள்ளைக்குச் சேர்ந்துவிட்டதே என்று அமராவதிக்கு ஒரு தைரியமும் வந்தது. டாக்டர் வரச்சொன்ன தேதிக்குத் திருச்சிக்குப் போகவில்லை. போனால் கேட்பார். ஊசி மட்டும் புதுக்கோட்டை மருந்துக்கடைக்கு மாசாமாசம் வந்துகொண்டிருந்தது.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டபோது இலக்கியாவுக்கு இருமல் வந்தது. மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தாள். அந்த மாத ஊசி வந்த அன்று, அமராவதி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, இந்த மாசம் எனக்குப் போடேன். நெஞ்சு அடைக்குது."

"அக்கா மொறைடி."

"போன மாசமே அடைச்சுச்சும்மா."

"போன மாசம் ஒனக்குத்தான போட்டேன்? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. இன்னும் கொஞ்ச நாள்ல ஒன் மொற வந்துரும்."

சொர்ணவல்லி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அவளுக்கே போடுங்க சின்னம்மா," என்றாள். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். அமராவதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் சும்மா இருக்கீகளா," என்று சொல்லிவிட்டு, மூத்தவளை உட்கார வைத்து, காலை மடியில் எடுத்து, போட வேண்டியவளுக்குப் போட்டாள். இலக்கியா இழுக்கிற மருந்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பங்கு விஷயத்தில் அம்மாவிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. டீச்சர் பேசிய குரலே சரியில்லை. அமராவதி போய்ச் சேரும்போது நூற்றெட்டு வண்டி வாசலில் நின்றது. பிள்ளையைத் தூக்கி ஏற்றினார்கள். மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை விட்டார்கள். புதுக்கோட்டையில் ஊசி மேல் ஊசியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, இங்கே தாங்காது, திருச்சிக்குக் கொண்டு போங்கள் என்று மறுபடியும் வண்டியில் ஏற்றினார்கள். கீரனூரைத் தாண்டும்போது அமராவதி குனிந்து பார்த்தாள். மாஸ்க்குக்குள்ளே உதடு நீலம் பாரித்திருந்தது. அதே நீலம். அவளுக்கு அழுகை வரவில்லை. கத்தத் தோன்றவில்லை. வண்டி ஆடும்போதெல்லாம் பிள்ளையின் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைத்தார்கள். சொர்ணவல்லி காலேஜிலிருந்து நேராக வந்து சேர்ந்தாள். குழந்தைசாமி மஸ்கட்டிலிருந்து போன் போட்டுப் போட்டு அழுதார். அமராவதி, "பாக்குறாகங்க, பாக்குறாக," என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் காலையில் கோபிநாத் டாக்டர் வெளியே வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த அணு மறுபடி மேல ஏறி நிக்குதும்மா. ஊசி ஆரம்பிக்கும்போது இருந்த அளவுக்கு வந்திருச்சு. விடாமத்தான போட்டீங்க?"

"ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் போட்டேங்க."

"ஏன்? மருந்து கிடைக்கலியா?"

"கெடைச்சுச்சு. பெரியவளுக்கும் போட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கோபம் வந்தது நன்றாகத் தெரிந்தது. அடக்கிக்கொண்டு கேட்டார்.

"பியூஸ் கதையெல்லாம் சொன்னேனேம்மா. வெளங்கலேன்னா திரும்பக் கேட்டிருக்கலாம்ல?"

"வெளங்குச்சு சார்," என்றாள் அமராவதி. "வெளங்காம இல்ல."

விளங்காமல் செய்தவளுக்கு விளக்கிச் சொல்லலாம். விளங்கியே செய்தவளிடம் அந்த மனுஷன் என்னத்தைப் பேசுவார்? அவர் உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் குழாயை எடுத்தார்கள். பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள், பிழைத்துக்கொண்டாள் என்று நர்ஸம்மா வந்து சொன்னாள். சரிங்க என்றாள் அமராவதி. கையெடுத்துக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை. வராந்தாவில் இரும்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சொர்ணவல்லி டீ வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது.

"சின்னம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எனக்கு அந்த ஊசி ஒண்ணுமே செய்யல. மொத ஊசியிலயே தெரியும்."

அமராவதி திரும்பிப் பார்த்தாள். "பெறகு ஏன்டி நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்ன?"

சொர்ணவல்லி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நல்லா இல்லேன்னு சொன்னா நிப்பாட்டிருவீங்கள்ல," என்றாள். "ஐஸ் வச்சுத் தேய்ப்பீங்க. அந்தக் கொஞ்ச நேரம் என் காலு ஒங்க மடியில இருக்கும். எனக்கு வெவரம் தெரிஞ்சு நீங்க என்னைய மடியில வச்சதில்ல."

அமராவதி கையிலிருந்த டீயை மடிக்கு இறக்கினாள்.

"ஒங்க சொந்தப் பிள்ளைக்கு உள்ளத எடுத்து எனக்குக் குடுத்தீங்க. எனக்காக. யாரு சின்னம்மா அப்புடிச் செய்வா? அது வேணும் வேணும்னு இருந்துச்சு. அன்னைக்கு அவளுக்கே போடுங்கன்னு சொன்னேன். ஆனா காலையும் நானேதான் நீட்டுனேன். இப்புடி ஆகும்னு தெரியாது."

உனக்காகப் போடவில்லை. சின்னப்பிள்ளை வாய்க்குப் பயந்து போட்டேன். அடிபம்பில் நாலு பேருக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்கணும் என்று போட்டேன். ஈரலை அறுத்து உன் தட்டில் வைத்தேனே, அந்த மாதிரித்தான் ஊசியையும் வைத்தேன். உனக்கு அது பிடிக்குமா, சேருமா என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இத்தனையும் அமராவதியின் நாக்கு நுனிவரை வந்தது. வலித்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நிஜமாகவே ஒன்று வலித்தது.

"ஆமாத்தா," என்றாள். "ஒனக்காகத்தான்."

சொர்ணவல்லி சாய்ந்து அவள் தோளில் தலையை வைத்தாள். அப்போதுதான் அமராவதிக்குக் கேட்டது. பிள்ளையின் நெஞ்சுக்குள்ளே, கதவு இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி மெல்லியதாக ஒரு விசில். மூச்சு வெளியே போகிற ஒவ்வொரு தடவையும் கேட்டது. கலைமதிக்கும் இப்படித்தான் கேட்கும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை நாளாகக் காதில் விழவில்லையே என்று நினைத்தாள். வெளி ரூமுக்குப் படுக்கை போனது அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"ஒன் மாத்திரை எங்க?"

"நிப்பாட்டிட்டேன்."

"எப்பருந்து?"

"ஊசி ஆரம்பிச்சதுலருந்து. மாத்திரையும் சாப்பிட்டா, அப்ப ஊசி வேலை செய்யலையான்னு நீங்க கேப்பீங்கன்னு..." இருமல் வந்து மீதியைச் சொல்ல விடவில்லை.

அமராவதி எழுந்தாள். டீயை நாற்காலிக்கு அடியில் வைத்தாள். சொர்ணவல்லியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, டோக்கன் கேட்ட பெண்ணைத் தாண்டி, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, டாக்டர் ரூம் கதவைத் தள்ளினாள். உள்ளே வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்த கோபிநாத் டாக்டர் நிமிர்ந்தார்.

"சார், சின்னவளுக்கு உள்ளது அவளுக்கே இருக்கட்டும்," என்றாள் அமராவதி. பிடித்த கையை விடவில்லை. "இவளுக்குன்னு அன்னைக்கு என்னமோ சொன்னீங்க. அத இன்னொரு தடவ சொல்லுங்க. அன்னைக்கு நான் காதுலயே வாங்கல."